பஞ்சமத்தில் ஓர் உறுமல்

"உங்க வீணையில ஒரு கோளாறு இருக்கு, மேடம்."

இதை நான் சொன்னது நவராத்திரியின் ஐந்தாம் நாள், ஒரு கொலுவுக்கு முன்னால், கையில் சுண்டல் கிண்ணத்தோடு. ஒருவர் வீட்டுச் சுண்டலை மென்றுகொண்டே அவர் வீட்டு வீணையைப் பழித்த பெருமை, செகந்திராபாத் தமிழர்களில் எனக்கு மட்டுமே உண்டு என்று நினைக்கிறேன்.

வசந்தா மேடம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கோளாறுன்னா?"

"பஞ்சமத்துல ஒரு உறுமல் வருது. கும்முனு."

"இருவது வருசமா வாசிக்கேன் அண்ணாச்சி. எனக்குக் கேக்கலையே."

"மைக்குக்குக் கேக்குது."

அவர் என் கிண்ணத்தை வாங்கி இன்னும் இரண்டு கரண்டி சுண்டல் போட்டுத் திருப்பித் தந்தார். திருநெல்வேலிக்காரர்களுக்குக் கோபம் வந்தால் உபசாரம் கூடிவிடும். எனக்கு அன்று அது தெரியாது. சுண்டல் நன்றாக இருக்கிறது என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

வசந்தா மேடம் லாலாகுடா ரயில்வே பணிமனை அலுவலகத்தில் வேலை பார்த்தார். கணவர் ரயில்வே கார்டு. பெரும்பாலும் ஏதாவதொரு சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் இருப்பார். அந்த வீணை, கல்யாணமான புதிதில் திருநெல்வேலியிலிருந்து தனக்கென்று ஒரு படுக்கை முன்பதிவு செய்துகொண்டு வந்த வீணை. முன்பதிவுப் படிவத்தில் கார்டு அதற்கு ஒரு பெண் பெயரும் வயதும் எழுதியிருக்கிறார். விஜயவாடாவில் ஏறிய பரிசோதகர் மேல் படுக்கையில் போர்வைக்குள் கிடந்ததைப் பார்த்து, "தூங்கட்டும், எழுப்ப வேண்டாம்" என்று டிக் அடித்துவிட்டுப் போனாராம். அப்படி வந்து சேர்ந்த ஒன்றைத்தான் கோளாறு என்றேன்.

ஆட்டிப் பார்க்கும் உத்தியோகம்

நான் அரசு உத்தியோகத்தை விட்ட கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு, "பிறகு சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். இந்த அத்தியாயம் அவருக்கு.

பாதுகாப்புத் துறைக்குக் கருவிகள் செய்யும் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பதினேழு வருஷம் இருந்தேன். என் வேலை ஆட்டிப் பார்ப்பது. மின்னணுப் பெட்டிகளை ஒரு மேஜையில் இறுக்கிக் கட்டுவோம். மேஜை நடுங்கும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. எந்த வேகத்தில் எந்தத் திருகாணி கழன்று விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் பட்டப்படிப்பும் பதவி உயர்வும் உண்டு.

அந்த மேஜை எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. உலகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய ஓர் அதிர்வு இருக்கிறது. மற்ற எந்த ஆட்டத்தையும் அது தாங்கிக்கொள்ளும்; அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் குதித்துவிடும். என்னுடைய அதிர்வு, நாற்பத்திரண்டாம் வயதில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

அப்போது ஹைதராபாதில் எல்லாரும் எதற்காவது மாறிக்கொண்டிருந்தார்கள். வங்கிக்காரர்கள் கணினி கற்றார்கள். கணிதப் பேராசிரியர்கள் அமெரிக்கா போனார்கள். என்னை அழைத்தவர் மென்பொருளில் வாத்தியங்கள் செய்யும் புதிய கம்பெனியைச் சேர்ந்தவர். "அதிர்வு தெரிந்த ஆள் வேண்டும்" என்றார். நான் குதித்தேன்.

மாரெட்பள்ளியில் இருந்த என் மாமனார் இதைக் கேள்விப்பட்டு என்னிடம் ஒன்றும் பேசவில்லை. என் மனைவி ஜெயாவிடம்தான் சொன்னார்: "மத்திய அரசு வேலைய விட்டுட்டு ஆர்மோனியப் பெட்டி ரிப்பேருக்குப் போறாராம்மா. பென்ஷன் வேண்டாமாம்."

விசைக்குள் வீணை

வேலை இதுதான். வீணையின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். மெதுவாக மீட்டி மூன்று முறை, நடுத்தரமாக மூன்று முறை, ஓங்கி மூன்று முறை. இப்படி நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கணினியில் அடுக்கிவிட்டால், எங்கோ பனி பெய்யும் ஊரில் ஒருவர் கீபோர்டில் விசையை அழுத்துவார். லாலாகுடா வீணை கேட்கும். வாங்குகிற நிறுவனம் வெளிநாட்டில். செய்கிற நாங்கள் நாலே பேர், செகந்திராபாதில் ஒரு மூன்றாவது மாடியில்.

அதே மாடியின் மறுபாதியில் எங்கள் கம்பெனியின் இன்னொரு பிரிவு இருந்தது. அங்கே அறுபது பேர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, அமெரிக்க டாக்டர்கள் முணுமுணுப்பதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். குடல்வால், பித்தப்பை, மூல வியாதி. அது நன்றாக நடந்தது. எங்களுடையது நடக்கவில்லை.

ஆகவே முதலாளி சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமைக்குள் வெளிநாட்டுக்காரர்கள் வீணையை ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் எங்கள் பிரிவை மூடி, நாலு பேரையும் மறுபாதியில் உட்கார வைத்துவிடுவார். மறுபாதியின் மேற்பார்வையாளர் நல்ல மனிதர். எனக்கென்று ஜன்னலோரமாக ஒரு நாற்காலியை ஒதுக்கிவிட்டு, "முதல்லேயே பழகிக்குங்க சார்" என்று ஈரல் சம்பந்தப்பட்ட வியாதிகளின் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

எங்கள் ஒலிப்பதிவு அறை இருந்த சந்தில் மூன்று மனைகளில் ஒரே சமயத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்கவே அப்படித்தான். வசந்தா மேடம் இருந்த ரயில்வே குடியிருப்பிலோ சுவர்கள் தடிமன். பணிமனைச் சங்கு ஊதும் நேரம் தவிர மற்ற நேரங்களில் அமைதி. வசந்தா மேடமும் நவராத்திரிக்கு லீவு போட்டிருந்தார். அதனால் முதல் மூன்று நாட்களும் அவர் வீட்டுக் கூடத்திலேயே, கொலுவுக்கு எதிரில் மைக்கை நட்டு, மொத்த வீணையையும் பதிவு செய்துகொண்டு வந்தோம்.

கொலு ஒன்பது படி. மேலே தசாவதாரம், கீழே செட்டியார் கடை, ஓரத்தில் ஒரு பொம்மை ரயில். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஒலிப்பதிவுக்காரன் என்ற முறையில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

வெட்ட வெட்ட

உறுமலைக் கண்டுபிடித்தவர் ஃபரீத். எங்கள் ஒலிப்பொறியாளர். லாலாகுடா காலனித் தமிழ்ப் பையன்களோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர் என்பதால் தமிழ் பேசுவார். அதில் தக்கனி உருது சரிபாதி இருக்கும்.

"சார், இந்தப் பஞ்சமம் சுனோ. பின்னாடி யாரோ ஏப்பம் விடறாங்க."

கேட்டேன். உண்மை. தந்தி 'டிங்' என்று ஆரம்பிக்கிறது. உடனே பின்னால் 'கும்ம்ம்' என்று ஒன்று எழுந்து நின்று, ஸ்வரம் ஓய்ந்த பிறகும் போக மாட்டேன் என்கிறது. கல்யாண வீட்டில் எல்லாரும் கை கழுவிய பிறகும் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல.

இதற்குத்தான் ஃபில்டர் இருக்கிறதே என்று வெட்டினேன். உறுமல் பாதி குறைந்தது. இன்னும் வெட்டினேன். உறுமல் போயிற்று, கூடவே வீணையின் வயிறும் போயிற்று. ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் பாடுவது போல இருந்தது. ஸ்வரம் ஓயும் வால் பகுதியை மட்டும் தனியே சுத்தம் செய்யும் மென்பொருளை ஓட்டினேன். இப்போது கொப்புளம் கொப்புளமாகச் சத்தம் வந்தது. யாரோ வீணையைக் கிணற்றுக்குள் இறக்கி வாசிக்கிறார்கள்.

"கைக்கு சார், ஏன் இவ்ளோ வெட்டறீங்க? நக்கோ, வேண்டாம். இப்ப இது வீணை இல்ல, ரப்பர் பேண்டு."

"உறுமல் போச்சா இல்லையா?"

"ஹவ், போச்சு. பேஷண்டும் போயிட்டார்."

ஒலியின் அதிர்வு வரைபடத்தை விரித்து யோசித்தேன். தந்திக்கு அடியில் உள்ள எந்த மெட்டில் விரல் வைத்து வாசித்தாலும் அதே இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. ஸ்வரம் மாறினாலும் மேடு நகரவில்லை. பஞ்சமம் வரும்போது ஸ்வரமும் மேடும் ஒன்றாகி, மேடு மலையாகிவிடுகிறது. பதினேழு வருஷ அனுபவம் உடனே தீர்ப்புச் சொன்னது: தந்தியோடு சேர்ந்து மாறாத ஒன்று தந்தியில் இல்லை, எனவே குடத்தில் இருக்கிறது. வீணைக் குடத்தில் விரிசல், அல்லது ஒட்டு விட்டிருக்கிறது.

முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத்தான் சுண்டல் கிண்ணத்தோடு போய் வசந்தா மேடத்திடம் சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள்

அடுத்த இரண்டு நாளும் வெட்டுவதும் ஒட்டுவதுமாகப் போயின. எட்டாம் நாள் வசந்தா மேடம் ஜெயாவைத் தாம்பூலத்துக்கு அழைத்திருந்தார்.

"நீ போயிட்டு வா" என்றேன்.

"அவங்க வீணையப் பழிச்சது நீங்க. வெத்தலபாக்கு வாங்கிக்க நான் மட்டும் போய் நிக்கணுமா? சட்டைய மாத்துங்க."

நவராத்திரி வீட்டில் ஆண்களுக்கு இடம் கிடையாது. ஏழெட்டுப் பெண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கொலுவின் பக்கவாட்டில், சுவருக்கும் படிக்கும் நடுவே செருகப்பட்டேன். வசந்தா மேடம் என்னைப் பார்த்து "வாங்க அண்ணாச்சி" என்றார். குரலில் உபசாரம் அபாயகரமான அளவில் இருந்தது. இரட்டைச் சுண்டல் வந்தது.

யாரோ கேட்டுக்கொள்ள, அவர் வாசிக்க உட்கார்ந்தார். எதிரே உட்கார்ந்து கேட்டால் உறுமல் தெரியவில்லை. அந்த வாசிப்பில் மனது எங்கோ போய்விடுகிறது. நான் சௌகரியமாகச் சாய்ந்து, படிகளை மூடியிருந்த வெள்ளை வேட்டியின் மேல் முழங்கையை வைத்தேன்.

அவர் பஞ்சமத்தில் நின்றார். என் முழங்கை சிலிர்த்தது.

மத்தியமத்துக்கு இறங்கினார். நின்றுவிட்டது. மறுபடி பஞ்சமம். மறுபடி சிலிர்ப்பு. வேட்டிக்குப் பின்னால் உயிருள்ள ஏதோ ஒன்று முனகிக்கொண்டிருந்தது.

சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டேன்.

கொலுப்படியை யாரும் கடையில் வாங்கிவந்து வைப்பதில்லை. பலகைகள்தான் படிகள். அவற்றைத் தாங்க வீட்டில் இருப்பதெல்லாம் உள்ளே போகும். டிரங்குப் பெட்டி, ஸ்டூல், பழைய டெலிவிஷன் அட்டைப்பெட்டி. அங்கே, மூன்றாம் படிக்குக் கீழே, இருட்டில் பளபளவென்று ஓர் எவர்சில்வர் அரிசி டிரம். பெரியது. விரலால் சுண்டினேன்.

கும்ம்ம்.

சுத்தமான பஞ்சமம்.

"கொலுவுக்குள்ள தலைய விட்டு என்ன பண்றீங்க?" ஜெயாவின் குரல், ஏழெட்டுப் பெண்களின் மௌனத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது.

தலையை வெளியே எடுத்தேன். காதில் ஒட்டடை.

"மேடம், இந்த டிரம் காலியா?"

"ஆமா. அரிசியோட இழுக்க முடியுமா? வாளியில கொட்டி வச்சிருக்கேன். ஏன்?"

"உங்க வீணையில ஒண்ணுமே இல்ல. பஞ்சமம் வாசிச்சா இந்த டிரம் கூடப் பாடுது."

அவர் வீணையை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்போ என் வீணையில கோளாறுன்னு சொன்னது?"

"தப்பு."

"கேக்கல."

"தப்புங்க. என் மேலதான் தப்பு."

"கேட்டியளா?" என்று ஜமுக்காளத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் கேட்டார்கள். அடுத்த வீட்டம்மா தலையைக்கூட ஆட்டினார். பதினேழு வருஷம் திருகாணி தேடிய மனிதன் ஒரு வேட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை. எனக்குத் தண்டனை போதாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு அவமானத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். நோய் தெரிந்துவிட்டது. பஞ்சமத்தையும் அதன் அக்கம்பக்கத்து இரண்டு ஸ்வரங்களையும் மட்டும் மறுபடி பதிவு செய்தால் போதும். மற்றவற்றில் லேசாகச் சீவினால் சரியாகிவிடும். அதுவும் அதே கூடத்தில், அதே இடத்தில் எடுக்க வேண்டும். வேறு அறையில் எடுத்தால் அந்த மூன்று ஸ்வரம் மட்டும் வேறு வீட்டு வீணை போலத் தனியாகத் தெரியும்.

"டிரம்மை மட்டும் வெளிய எடுத்துட்டு..."

"அண்ணாச்சி!" வசந்தா மேடம் கையை நீட்டித் தடுத்தார். "வச்ச கொலுவ அசைக்கப்படாது. விஜயதசமி ராத்திரிக்குத்தான் எடுப்போம்."

"சரி, நாளைக்கு வந்து அப்படியே எப்படியாவது..."

"நாளைக்கு சரஸ்வதி பூஜை. வீணைய பூஜையில வச்சிருவேன். தொடப்படாது."

"வெள்ளிக்கிழமை கெடு, மேடம்."

"வெள்ளிக்கிழமதான விஜயதசமி? காலையில வாங்க. அன்னைக்கு எப்படியும் வாசிக்கணும்லா."

மறுநாள் அலுவலகம் போனேன், கணினியிலாவது ஏதாவது செய்வோம் என்று. எங்கள் பிரிவுத் தெலுங்குப் பையன்கள் ஆயுத பூஜை முடித்திருந்தார்கள். என் கணினித் திரையில் மூன்று குங்குமப் பொட்டு, விசைப்பலகை மேல் சாமந்திப் பூ, எலிக்கு ஒரு எலுமிச்சம்பழம். "ஈ ரோஜு முட்டுகோகூடது சார்" என்றார்கள். இன்று தொடக்கூடாது. மறுபாதியில் அறுபது கணினிகளும் அப்படியே பூவோடு தூங்கின. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் காதுக்கு ஓய்வு கிடைத்தது.

அடைப்புப் பொருள்

விஜயதசமி காலை ஏழு மணிக்கு ஃபரீத் இரண்டு ரஜாய்களோடு வந்துவிட்டார். தடித்த பஞ்சு மெத்தைப் போர்வை. ஹைதராபாத் குளிருக்கு அவர் அம்மா தைத்தது. பணிமனைக்கு விடுமுறை. சங்கு கிடையாது. காலனியே வாய் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"உள்ள துணி வைக்கலாமா மேடம்? ஒரு பொம்மைகூட அசையாது."

யோசித்தார். "வைங்க. அசஞ்சா பாத்துக்கிடுங்க."

நான் பக்கவாட்டில் ஊர்ந்து உள்ளே போய் டிரம்மைச் சுற்றி ரஜாய்களைத் திணித்தேன். பஞ்சமம் வாசித்தார். உறுமல் பாதி. தலையணை இரண்டு. உறுமல் கால். ஜமுக்காளம். அதற்கு மேல் வீட்டில் துணி இல்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்" என்றார் ஃபரீத், ஹெட்ஃபோனுடன்.

எட்டிப் பிடித்து டிரம்மை ஒரு கையால் அமுக்கினேன். "கம் ஆச்சு, கொறஞ்சுது!" இரண்டு கையாலும். "இன்னும் கம்!" கடைசியில் ரஜாயோடு சேர்த்து டிரம்மைக் கட்டிப்பிடித்து, நெஞ்சையும் வயிற்றையும் அதன் மேல் சாய்த்து, ஒரு காலையும் சுற்றிப் போட்டேன்.

"பஸ் சார், போதும்! அதேதான்! ஹிலோ மத். அசையாதீங்க. மூச்சும் மெல்ல விடுங்க."

அசையவில்லை. தலைக்கு மேல் தசாவதாரம். மூக்குக்கு எதிரே அந்துருண்டை வாசனை. இந்தக் கம்பெனிக்கு என் வயிறு உபயோகப்பட்டது அதுவே முதல் தடவை.

வசந்தா மேடம் மீட்டினார். மெதுவாக மூன்று. நடுத்தரமாக மூன்று. இடையில் அடுத்த வீட்டம்மா பாயசக் கிண்ணத்தோடு உள்ளே வந்து, "அக்கா! கொலுவுக்குள்ள யாரோட காலு அது?" என்று அலறினார். அந்தப் பதிவு வீண்.

"ஒண்ணுமில்ல. ரெக்கார்டிங் நடக்கு" என்றார் வசந்தா மேடம், கொலுவுக்குள் ஆள் படுத்திருப்பது வருஷா வருஷம் உள்ள வழக்கம் போல.

பிறகு ஓங்கி மீட்டினார். அப்போது ஒன்று நடந்தது. பாட விடாமல் நான் அமுக்கிக்கொண்டிருந்த அந்தப் பஞ்சமம், டிரம்முக்குள் போகாமல் என் விலா எலும்புக்குள் வந்தது. காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வந்தது. எத்தனையோ ஆயிரம் பெட்டிகளை ஆட்டிப் பார்த்தவன் நான். என்னை எதுவும் அப்படி ஆட்டியதில்லை. இருட்டில், அந்துருண்டைக்கு நடுவில், இந்த வேலைக்கு வந்தது தப்பில்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது. கண்ணைத் துடைக்க முடியவில்லை. அசையக்கூடாதே.

பதில்

மூன்று ஸ்வரங்களையும் ஃபரீத் மற்றவற்றோடு சேர்த்துக் கோத்தார். அந்த மூன்றுக்கும் ஒரு ஃபில்டரும் போடவில்லை. சாயங்காலம், வெளிநாட்டுக்காரர்கள் விழித்தெழும் நேரத்துக்கு அனுப்பினோம். பிறகு நாலு பேரும் ஒரு திரையைச் சுற்றி உட்கார்ந்து வாழைப்பழம் தின்றோம்.

பதிலில் இரண்டே வரி. ஒன்று: வீணை ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டு: அந்தப் பஞ்சமத்தின் அதிர்வை அடக்க என்ன பொருளைப் பயன்படுத்தினீர்கள்? எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் வாங்கிப் போட விரும்புகிறோம்.

"என்ன எழுதட்டும் சார்?" என்றார் ஃபரீத். "உங்க வெயிட் எவ்ளோ?"

உள்ளூர்ச் சரக்கு, ஏற்றுமதிக்கு இல்லை என்று எழுதச் சொன்னேன்.

மறுநாள் ஒரு மடிக்கணினியையும் சின்னக் கீபோர்டையும் எடுத்துக்கொண்டு, நானும் ஃபரீதும் லாலாகுடா போனோம். கொலு இறங்கியிருந்தது. பொம்மைகள் செய்தித்தாளில் சுற்றப்பட்டு வரிசையாகப் படுத்திருந்தன. கீபோர்டை வசந்தா மேடத்தின் முன்னால் வைத்து, ஒரு விசையைக் காட்டினேன். அழுத்தினார். பஞ்சமம் வந்தது. சட்டென்று கையை எடுத்துத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். மறுபடி அழுத்தினார். மறுபடி.

"என் சத்தந்தான்" என்றார் மெதுவாக.

நான் பெருமையோடு ஃபரீதைப் பார்த்தேன்.

இன்னும் நாலு விசைகளை வரிசையாக அழுத்தினார். முகம் சுருங்கியது.

"ஆனா எல்லாம் ஆணி அடிச்ச மாதிரி நிக்குதே. கமகம் எங்க அண்ணாச்சி?"

"அது... விசையில வராது மேடம். விசைய அழுத்தத்தான் முடியும், இழுக்க முடியாதே."

"வராதா? வர வைக்கதுக்குத்தான உங்களுக்கு வேல?" என்றார். "கமகம் இல்லாம இத வீணைன்னு விப்பியளோ? என் சத்தத்த வச்சுக்கிட்டு?"

 அவர் எழுந்து உள்ளே போனார். கோபம் என்று நினைத்தேன். சுண்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். வீணையோடு வந்தார். சப்பணமிட்டு உட்கார்ந்து, இடது கை விரலை ஒரு மெட்டில் வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தார். ஒரே ஸ்வரம் எழுந்து, நெளிந்து, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"இத தனியா எடுங்க. அடுத்து இன்னொண்ணு வாசிக்கேன், அதத் தனியா எடுங்க. ஒவ்வொண்ணா எடுத்துருவோம். திங்கக்கிழமையிலருந்து லீவு எழுதிக் குடுத்துருதேன்."

"நிறைய இருக்குமே மேடம்."

"இருந்தா இருக்கட்டும். உக்காருங்க."

ஃபரீத் என்னைக் கேட்கவில்லை. அதற்குள் மைக்கை நட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.